இமை முடிக்கு மொட்டை

"உங்க வீட்டுக்காரர் இமையில பூச்சி இருக்கும்மா. இப்ப ஆபரேஷன் பண்ண முடியாது" என்று கண் டாக்டரம்மா சொன்னபோது எனக்குப் பயம் வரவில்லை. கோபம்தான் வந்தது. பயம் வீட்டுக்கு வந்த பிறகுதான் வந்தது.

நான் இறால் கம்பெனியில் வேலை பார்க்கிறவள். அங்கே வாசலில் நகத்தைப் பார்ப்பார்கள், முடி முழுவதும் தொப்பிக்குள் போயிருக்கிறதா என்று பார்ப்பார்கள், கையையும் காலையும் குளோரின் தண்ணீரில் முக்கிய பிறகுதான் உள்ளே விடுவார்கள். உரித்த இறாலில் ஒரு முடி கிடந்தால் அந்த மேசையில் நிற்கிற அத்தனை பேருக்கும் திட்டு. பாதி ஆயுசு அப்படி நின்றவள் வீட்டையும் அப்படித்தான் வைத்திருப்பாள். அனல்மின் நிலையத்துச் சாம்பல் எங்கள் தெருவில் எல்லார் வீட்டு ஜன்னலிலும் படிந்திருக்கும், என் வீட்டு ஜன்னலில் இருக்காது. அப்படிப்பட்டவளிடம் பூச்சி என்றால்?

"என்ன பூச்சி? பேனா?" என்றேன்.

"பேன் இல்லம்மா. அதைவிட ரொம்பச் சின்னது. வெறுங்கண்ணுக்குத் தெரியாது."

"தெரியாததை நீங்க எப்படிப் பாத்திய?"

டாக்டரம்மாவுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். அந்தம்மா பதில் சொல்வதற்குள், மிஷினில் மோவாயை வைத்து உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் சிரித்தார்.

"ஏளா, வீட்டுல பல்லி இல்ல, கரப்பான் இல்லன்னு ஊரெல்லாம் பீத்துவியே. உனக்குத் தெரியாம நான் கண்ணுக்குள்ள ஒரு பண்ணையே வளத்திருக்கேன் பாரு."

அவருக்கு எல்லாம் விளையாட்டு. இடது கண் போன அன்றைக்கும் அப்படித்தான் ஏதோ சொல்லிச் சிரித்தார். எனக்குத்தான் சிரிக்கத் தெரியாது.

அவர் உப்பு லாரி ஓட்டியவர். ஸ்ரீவைகுண்டத்துப் பக்கம் வயல்காட்டில் பிறந்து, வரப்பில் நடக்கப் பிடிக்காமல் தூத்துக்குடிக்கு ஓடிவந்து ஸ்டியரிங்கைப் பிடித்தவர். உச்சி வெயிலில் உப்பு அம்பாரத்துக்கு நடுவே நின்று லோடு ஏற்றுவார். அந்த வெள்ளையை ஒரு மணி நேரம் பார்த்தாலே கண்ணில் மிளகாய் போட்ட மாதிரி இருக்கும். அவர் வருஷக்கணக்கில் பார்த்தார். கண்ணில் புரை விழுந்தது. சில வருஷங்களுக்கு முன் பள்ளிக்கூடத்தில் போட்ட ஒரு இலவச முகாமில் இடது கண்ணுக்கு ஆபரேஷன் செய்தார்கள். மூன்றாம் நாள் கண் சிவந்தது, வலித்தது, சீழ் வைத்தது. ஓடினோம். ஊசி போட்டார்கள். கண் போய்விட்டது. "தண்ணி பட்டிருக்கும், நீங்க சரியாப் பாத்துக்கல" என்று சொல்லிவிட்டார்கள். தண்ணீர் படவில்லை. அந்த மூன்று நாளும் அவர் முகத்தைத் துடைத்தது நான், ஈரத்துணியைக் கன்னத்துக்கு மேலே கொண்டுபோனதே இல்லை. யாரிடம் போய்ச் சொல்ல?

இப்போது இருப்பது வலது கண் ஒன்றுதான். அதிலும் புரை முற்றிவிட்டது. வெளிச்சம் தெரியும், ஆள் அசைவது தெரியும், அவ்வளவுதான். டீயை டம்ளருக்கு வெளியே ஊற்றுவார். வேலை முடிந்து நான் வாசலுக்கு வந்தால் இறால் வாடையை வைத்துத்தான் நான் என்று கண்டுபிடிப்பார். இந்தக் கண்ணும் போனால் வேறு கண் இல்லை.

டாக்டரம்மாவும் அதைத்தான் சொன்னார்.

"ஐயாவுக்கு இருக்கிறது ஒரே கண்ணு. அதுல நான் ரிஸ்க் எடுக்க மாட்டேன். இந்தப் பூச்சி வயசானா நிறையப் பேருக்கு வர்றதுதான். இமை முடியோட வேர்ல குடியிருக்கும். இவருக்கு ரொம்ப ஜாஸ்தியா இருக்கு, இமை புண்ணா இருக்கு. புண்ணுல கிருமி இருக்கும். ஆபரேஷன் பண்ணும்போது அது உள்ள போச்சுன்னா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்."

"முதல் கண்ணு இதனாலதான் போச்சா?"

அந்தம்மா எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார். "அது எனக்குத் தெரியாதும்மா. அப்ப நான் பாக்கல. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்."

நேர்மையான பதில்தான். ஆனால் அந்தப் பதிலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? முகாமில் யாராவது ஒருத்தர் அவர் இமையைக் குனிந்து பார்த்திருந்தால் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். மிஷின்கூட வேண்டாம். முடியின் அடியில் வெள்ளை வெள்ளையாகச் செதில் ஒட்டியிருந்ததை நானே பார்த்திருக்கிறேன். பீளை காய்ந்திருக்கிறது என்று நினைத்துத் துடைத்துவிட்டேன். எனக்கு அது என்னவென்று தெரியாது. தெரிந்தவர்கள் குனிந்து பார்க்கவில்லை.

ஒரு இமை முடியைப் பிடுங்கிக் கண்ணாடித் துண்டில் வைத்து டிவி மாதிரி ஒரு பெட்டியில் காட்டினார்கள். முடி ஒரு கயிறு மாதிரி பெரிதாகத் தெரிந்தது. வேரில் நாலைந்து, கண்ணாடி போல உடம்பு, நீண்ட வால், முன்பக்கம் குட்டைக் கால்கள். அசைந்தன. எனக்கு இறால் குஞ்சுதான் ஞாபகம் வந்தது. அன்றைக்கு முழுவதும் சோறு இறங்கவில்லை.

"உங்களுக்கும் பாத்துரலாம்மா" என்றார் டாக்டரம்மா.

"எனக்கு எதுக்கு? நான் சுத்தமா இருக்கேன்."

"ஒரே தலையணை, ஒரே துண்டுன்னா ஒருத்தர்கிட்ட இருந்து ஒருத்தருக்குப் போகும். அவருக்கு மட்டும் வைத்தியம் பண்ணினா திரும்ப வந்துரும்."

சுருக்கென்று என் இமையில் ஒரு முடியைப் பிடுங்கினார்கள். எனக்கும் இருந்தது. பெட்டியில் என் முடியைக் காட்டியபோது நான் பார்க்கவில்லை. அவர் மட்டும் பார்க்க முடியாத கண்ணை அந்தப் பக்கம் திருப்பி, "எங்க வீட்டம்மாவுக்கு எத்தன இருக்கு டாக்டர்? என்னைவிடக் கூடவா, குறையவா?" என்று கேட்டார். அவரை அங்கேயே விட்டுவிட்டு வரலாமா என்று இருந்தது.

வைத்தியம் எளிதாகத்தான் சொன்னார்கள். காலையும் சாயங்காலமும் வெந்நீரில் துணியை முக்கிப் பிழிந்து மூடிய கண்ணின் மேல் ஒத்தடம். பிறகு டீ ட்ரீ எண்ணெய் கலந்த ஈரத்தாளால் இமை முடியின் வேரை ஓரமாகத் துடைக்க வேண்டும். பிறகு களிம்பு. தலையணை உறை, துண்டு எல்லாம் கொதிக்கிற தண்ணீரில். பூச்சி முட்டையிட்டுப் பொரித்துக்கொண்டே இருக்குமாம், அதனால் ரெண்டு மாசம் போல விடாமல் செய்ய வேண்டும். அதற்குள் புரை ஊதி வீங்கிவிடாமல் இருக்க வேண்டும், தலை வலித்தால், கண் வலித்தால் உடனே வர வேண்டும் என்று தனியாக என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். அந்தக் கடைசி வார்த்தைதான் எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

கம்பெனியில் நான் சொல்லவில்லை. சொன்னால் வாசலோடு அனுப்பிவிடுவார்கள். மனுசருக்கு மனுசர்தான் ஒட்டும், இறாலுக்கு ஒட்டாது என்று டாக்டரம்மா சொன்னார். அதைச் சூப்பர்வைசரிடம் விளக்க எனக்கு வாய் இல்லை.

வீட்டில் அவரோடு தினமும் சண்டை. அந்த எண்ணெய் தைலம் மாதிரி நெடி அடிக்கும். துடைக்கும்போது எரியும். எனக்கும் எரிந்தது, நான் கத்தவில்லை. அவர் தெருவுக்கே கேட்கக் கத்துவார்.

"ஏளா, கண்ணப் பாக்குதியா, இறால் உரிக்கியா? மெதுவாத் தேயி!"

"தலைய ஆட்டாம இருந்தா மெதுவாத்தான் தேய்ப்பேன்."

"பூச்சி சாகுமோ சாகாதோ, நான் செத்துருவேன்."

"செத்தா கண்ணு வேண்டாம்லா. இருக்கப் போறியன்னுதான் தேய்க்கேன்."

தலையணைதான் பெரிய பாடு. அவரிடம் லாரிக் காலத்துத் தலையணை ஒன்று இருந்தது. கேரளா லோடு போகும்போது லாரியிலேயே தலைக்கு வைத்துப் படுத்தது. தேங்காய் எண்ணெயும் வேர்வையும் டீசலும் ஏறி, உறைக்குள்ளே கறுத்துக் கல் மாதிரி கிடக்கும். நான் அதற்கு மேலே உறை மாற்றிக்கொண்டே இருந்தேனே தவிர, அவர் அதைத் தூக்கிப் போட விட்டதே இல்லை. இப்போது அதைக் கொல்லையில் போட்டுக் கொளுத்தினேன். அவருக்குத் தெரியாது என்று நினைத்தேன். வாடையில் கண்டுபிடித்துவிட்டார். ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை. நல்லது, துடைக்கும்போது வாய் மூடியிருந்தது.

உறைகளைப் பெரிய அலுமினியச் சட்டியில் போட்டுக் கொதிக்கவைத்தால் பக்கத்து வீட்டுக்காரி மதில் மேல் எட்டிப் பார்ப்பாள். "என்னக்கா, தினமும் தலையணைய அவிக்கிய? குழம்பு வைக்கப் போறியளா?" என்பாள். "ஆமா, வா, உனக்கும் ஊத்துதேன்" என்பேன். அவளிடமும் பூச்சி என்று சொல்லவில்லை.

இப்படி ஒரு மாதத்துக்குப் பக்கமாக ஓடியது. இடையில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, "நல்லாக் குறையுது, இப்படியே பண்ணுங்க" என்றார்கள். இமைச் சிவப்பு தணிந்திருந்தது. எனக்குக் காலையில் கண் அரிப்பது நின்றுவிட்டது. அரிப்பு என்று ஒன்று இருந்ததே அது நின்ற பிறகுதான் தெரிந்தது.

அப்போதுதான் அவருடைய அக்கா வந்தார்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தம்பி மேல் உயிர். வாழைத்தாரும் முருங்கைக்காயும் கட்டிக்கொண்டு ஸ்ரீவைகுண்டத்தில் இருந்து பஸ் ஏறி, எங்கள் வீட்டில் இறங்கினால் ஒரு வாரம். எனக்கு அவர் மதினி. எனக்கும் அவருக்கும் பெரிய சண்டை கிடையாது, பெரிய ஒட்டும் கிடையாது. நான் காலையில் கம்பெனிக்குப் போய்விடுவேன், பகலில் அக்காவும் தம்பியும் பேசிக்கொண்டு கிடப்பார்கள். அவருக்குத் துணை இருக்கிறதே என்று எனக்கும் நிம்மதிதான்.

அக்கா வந்து ஒரு வாரம் ஆகிற நேரம், ஒரு நாள் நான் வேலை முடிந்து வந்தேன். என் வீட்டுக்காரர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஏதோ ஒன்று சரியில்லை. என்னவென்று பிடிபடவில்லை. வெந்நீர்த் துணியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போனபோதுதான் தெரிந்தது. கண்ணுக்கு இமை முடி இல்லை. ஒன்றுகூட இல்லை. அறுத்த வயல் மாதிரி குத்துக்குத்தாக அடிக்கட்டை மட்டும் நின்றது. போன கண்ணுக்கும் வெட்டியிருந்தது.

"என்னது இது?"

"அக்கா வெட்டிவிட்டா" என்றார், ஏதோ சலூனுக்குப் போய்வந்தவர் மாதிரி. "இனிமே தேய்க்க வேண்டாம். எரியாது."

மதினி அடுப்படியில் இருந்து வந்தார். கையில் கரண்டி. முகத்தில் ஒரு பெருமை.

"ஏளா, நீ ஒத்தையில கெடந்து தெனமும் தேய்ச்சுக்கிட்டுக் கெடக்க. முடி இருந்தாத்தான பூச்சி இருக்கும்? பிள்ளையளுக்குப் பேன் புழுத்தா என்ன செய்வோம்? திருச்செந்தூர்ல கொண்டுபோய் மொட்டை போடுவோம், அத்தோட போச்சு. அதான், மீசை வெட்டுத கத்தரிய எடுத்து ஒட்ட வெட்டிட்டேன்."

"கண்ணுல கத்தரிய வச்சியளா?"

"எனக்குத் தெரியாதா? எனக்கு ஆபரேஷன் பண்ணுனப்ப பள்ளிக்கூடத்துல வரிசையா உக்கார வச்சு நர்ஸு வெட்டுனா. கத்தரியில களிம்பத் தடவி வெட்டணும், முடி அதுல ஒட்டிக்கிடும், கண்ணுக்குள்ள விழாது. அப்படித்தான் வெட்டுனேன். எப்படியும் ஆபரேஷனுக்கு அவிய வெட்டத்தான் போறாவ. நாம முன்னாடியே வெட்டிக் கொடுத்தா வேலை மிச்சம்லா."

அது உண்மைதான். அந்தக் காலத்து முகாம்களில் ஆபரேஷனுக்கு முன்னால் இமை முடியை வெட்டுவார்கள் என்று பிறகு டாக்டரம்மாவும் சொன்னார். மதினி பொய் சொல்லவில்லை. தன் கண்ணுக்கு என்ன செய்தார்களோ அதைத்தான் தம்பி கண்ணுக்குச் செய்தார். அவருக்கு அந்த ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, அதனால் அதில் செய்தது எல்லாமே சரி என்று நினைத்துவிட்டார். ஆனால் அன்றைக்கு இதையெல்லாம் யோசிக்கிற நிலையில் நான் இல்லை.

"பூச்சி முடியில இல்ல மதினி, வேர்ல இருக்கு! தோலுக்குள்ள! நீங்க வேரையா வெட்டுனிய? இருக்கது ஒத்தக் கண்ணு. அதுல மீசைக் கத்தரிய வச்சு, இவரும் காட்டிக்கிட்டு உக்காந்திருக்காரு, ஆடு மாதிரி!"

"எலே தம்பி, என்னல இவ இந்தப் பேச்சுப் பேசுதா?"

"ஏளா, அக்காவ அப்படிப் பேசாத. நான்தான் வெட்டச் சொன்னேன்."

"நீங்க வாய மூடுங்க. கண்ணு போனா உங்கள அக்காவா கையப் பிடிச்சுக் கக்கூசுக்குக் கூட்டிட்டுப் போவாவ?"

அப்படியே சொன்னேன். மதினி அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். கரண்டியைக் கீழே வைத்தார். பையை எடுத்தார். நான் தடுக்கவில்லை. ஆட்டோ பிடித்துப் பஸ் ஸ்டாண்டில் விட்டுவிட்டு வந்தேன். பஸ் கிளம்பும்போது மதினி ஜன்னல் வழியாக, "கண்ணுல ரத்தம் வரல்ல ஏளா, நான் பாத்துத்தான் வெட்டுனேன்" என்றார். நான் திரும்பி நடந்துவிட்டேன்.

மறுநாள் என் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா மிஷினில் பார்த்தார். பார்த்துவிட்டு மிஷினை விட்டுத் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"யாரு பண்ணினது?"

"இவரு அக்கா."

"வெட்டுன முடியோட முனை குத்திக் குத்தி கருவிழியில கீறல் விழுந்திருக்கு. அது ஆறணும். அதைவிட, முடி இல்லாம பூச்சி இருக்கா போச்சான்னு நான் எதைப் பிடுங்கிப் பாக்குறது? செதில் ஒட்டுதான்னு எதுல பாக்குறது? நல்லாக் குறைஞ்சுட்டு வந்துச்சு. இன்னும் கொஞ்ச நாள்ல தேதி கொடுத்திருப்பேன்." அந்தம்மாவுக்குக் குரல் உயர்ந்துவிட்டது. "வீட்டுல ஆளு இல்லையா? பாத்துக்க மாட்டீங்களா?"

இதே வார்த்தையை முகாமிலும் சொன்னார்கள். எனக்கு ஏறிவிட்டது.

"வீட்டுல ஆளு இருந்துதான் வெட்டுனாவ. நான் வேலைக்குப் போகாம இவரு பக்கத்துலேயே உக்காந்திருந்தா சோத்துக்கு நீங்களா வருவிய? முடிய வெட்டக்கூடாதுன்னு நீங்க சொன்னியளா? தேய்க்கச் சொன்னிய, துவைக்கச் சொன்னிய. வெட்டாதன்னு சொன்னியளா?"

"அதை யாரு வெட்டுவாங்கம்மா?"

"எங்க ஊர்ல வெட்டுவாவ. நீங்கதான முன்னாடி வெட்டுனிய, முகாம் போட்டு!"

அறையில் இருந்த நர்ஸ் சத்தமில்லாமல் கதவைச் சாத்தினார். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு தணிந்த குரலில், "சரிம்மா. முடி வளரட்டும். சொட்டு மருந்து தர்றேன். ஒத்தடம், துடைக்கிறது விடாதீங்க. புரை வீங்குதான்னு வாரா வாரம் வந்து காட்டுங்க" என்றார். அந்தம்மாவை அன்றைக்குத் திட்டியதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. திட்ட வேண்டிய முகாமிலோ இப்போது யாரும் இல்லை, பள்ளிக்கூடம்தான் நிற்கிறது.

இமை முடி வளர்வதைப் பார்த்துக்கொண்டிருப்பதைப் போல ஒரு கொடுமை கிடையாது. தினமும் காலையில் அவரை ஜன்னல் பக்கம் திருப்பி உட்காரவைத்து, செல்போன் டார்ச்சை அடித்துப் பார்ப்பேன். நேற்றுப் பார்த்த மாதிரியே இருக்கும். "நாத்து வளந்திருக்கா?" என்று கேட்பார். நெல்லுக்காட்டுப் புத்தி போகுமா. "களைதான் வளந்திருக்கு" என்பேன். துடைப்பேன். அவர் கத்துவதை நிறுத்திவிட்டார். அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

ஒரு நாள் மத்தியானம். கம்பெனியில் இறால் வரத்து அதிகம், எல்லாரும் தலை நிமிராமல் உரித்துக்கொண்டிருந்தோம். வாசல் செக்யூரிட்டி வந்து என்னைக் கூப்பிட்டார். வெளியே பக்கத்து வீட்டுக்காரி நின்றிருந்தாள். மூச்சு வாங்கியது.

"அக்கா, அண்ணாச்சி வாந்தி எடுக்காவ. தலைய பிடிச்சுக்கிட்டுக் கெடக்காவ. கண்ணு செக்கச்செவேல்னு கெடக்கு."

தொப்பி, ஏப்ரன், கம்பூட்ஸ் எதையும் கழற்றவில்லை. அப்படியே அவள் வந்த ஆட்டோவில் ஏறினேன். வீட்டில் இருந்து அவரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி. வரவேற்பில் இருந்த பெண் என் காலைப் பார்த்து ஒதுங்கினாள். இறால் தண்ணீர் பூட்ஸில் இருந்து தரையெல்லாம் சொட்டியது. சொட்டட்டும் என்று நின்றேன்.

புரை ஊதி, கண்ணுக்குள் பிரஷர் ஏறியிருந்தது. எதைப் பயந்தோமோ அதுவேதான். ஊசி போட்டார்கள், மாத்திரை, சொட்டு மருந்து. பிரஷர் கொஞ்சம் இறங்கியது. டாக்டரம்மா முளைத்து வந்துகொண்டிருந்த குட்டை முடியில் ரெண்டைப் பிடுங்கி வைத்துப் பார்த்தார். என்னை உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை.

"ஒரு முடியில இல்ல. இன்னொண்ணுல ஒண்ணு இருக்கு. ரொம்பக் குறைஞ்சிருக்கு, ஆனா முழுசாப் போகல. முடி சின்னதா இருக்கறதால என்னால உறுதியாச் சொல்ல முடியல. பிரஷர் மறுபடி ஏறுச்சுன்னா கண் நரம்பு செத்துரும். நாளைக்கே புரையை எடுக்கணும். இமையைக் கிருமி மருந்தால நல்லாக் கழுவி, முடி வெளிய தெரியாம ஒட்டி மறைச்சுட்டுத்தான் பண்ணுவேன். ஆனாலும் பயம் இருக்கு. உங்க சம்மதம் வேணும்."

காத்திருந்தால் கண் போகும். செய்தாலும் போகலாம். முதல் கண்ணுக்கு இப்படி யாரும் கேட்கவே இல்லை. கேட்டால் இப்படித்தான் இருக்கும் போல. கையெல்லாம் இறால் ஓடு ஒட்டியிருந்தது, அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

கட்டிலில் இருந்து அவர் பேசினார். குரல் கிணற்றுக்குள் இருந்து வருகிற மாதிரி.

"எல்லாரும் ஆளாளுக்குப் பேசுதிய. கண்ணு என்னுது. என்கிட்ட யாரும் கேக்க மாட்டியளா?"

டாக்டரம்மா அவர் பக்கம் திரும்பினார். "சொல்லுங்க ஐயா."

"பண்ணுங்க. போனா போகட்டும். இப்ப மட்டும் என்ன, இவ மூஞ்சியாத் தெரியுது?"

மறுநாள் செய்தார்கள்.

அதற்குப் பிறகு நான் தூங்கியதாக ஞாபகம் இல்லை. கட்டை அவிழ்த்த அன்றைக்கு மங்கலாகத் தெரிகிறது என்றார். எனக்கு அதில் சந்தோஷமே வரவில்லை, முதல் கண்ணும் மறுநாள் தெரியத்தான் செய்தது. மூன்றாம் நாள் வந்தது. காலையில் இருந்து, "வலிக்கா? குத்துதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். "நீ கேக்கிறதுதான் வலிக்கு" என்றார். டார்ச்சை அடித்துப் பார்த்தேன். சிவப்பு இருந்தது, ஆனால் கூடவில்லை. சாயங்காலமும் கூடவில்லை. அடுத்த நாளும் கூடவில்லை. அதற்கு அடுத்த நாள் அவர் கட்டிலில் சாய்ந்தபடி மேலே பார்த்து, "ஏளா, அங்கன பாரு, ஒட்டடை" என்றார்.

பார்த்தேன். மூலையில் உண்மையாகவே ஒட்டடை. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்ததில் நான் தொடாமல் விட்டது.

"கரப்பான் இல்ல, பல்லி இல்லன்னு பீத்துவியே" என்றார்.

அடுப்படிக்குள் போய்விட்டேன். அழுதேன். அதை அவர் பார்க்க வேண்டாம்.

கண் கிடைத்தது, முழுதாகக் கிடைக்கவில்லை. பிறகு ஒரு சோதனை வைத்துப் பார்த்துவிட்டு டாக்டரம்மா சொன்னார்: பிரஷர் ஏறினதில் நரம்பு கொஞ்சம் போய்விட்டது. நேராகப் பார்ப்பது நன்றாக இருக்கும், ஓரத்தில் இருப்பது தெரியாது. இனி லாரி என்ன, சைக்கிள்கூட ஓட்டக்கூடாது. ரோட்டைக் கடக்கும்போது கழுத்தை இரண்டு பக்கமும் நன்றாகத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

அந்த ஓரத்தைக் கொண்டுபோனது எது? பூச்சியா, கத்தரியா? முடி வெட்டாமல் இருந்திருந்தால் அதற்குள் ஆபரேஷன் முடிந்திருக்கும் என்று டாக்டரம்மா சொன்னார். புரை அதற்கு முன்னாலேயே ஊதியிருக்கவும் வாய்ப்பு உண்டு என்றும் சொன்னார். இந்த அம்மாவிடம் எதற்கும் ஒரே பதில் கிடையாது. நான் மனதுக்குள் கத்தரிதான் என்று முடிவு செய்து வைத்திருந்தேன். மதினி போன் செய்தால் அவரிடம் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவேன்.

போன வாரம் மதினி வந்தார். சொல்லாமல் வந்தார். நான் வாசலில் தலையணை உறை காயப் போட்டுக்கொண்டிருந்தேன், இன்னும் அதை விடவில்லை. வாழைத்தார் இல்லை, பை இல்லை, வெறுங்கையோடு வந்திருந்தார். "பாத்துட்டு உடனே போயிருதேன் ஏளா" என்றார். வாசலை விட்டு நகர்ந்து வழிவிட்டேன்.

என் வீட்டுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து, எதிரே சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் தேதி படித்துக்கொண்டிருந்தார். இப்போதெல்லாம் அவருக்கு அதுதான் வேலை, எழுத்தாகக் கிடைத்ததை எல்லாம் படிப்பார். மதினி உள்ளே போய் அவருக்கு வலது பக்கம், நாற்காலிக்கு ஒரு கை தூரத்தில் நின்றார். கூப்பிடவில்லை. தம்பி தானாகப் பார்க்கட்டும் என்று நின்றார் போல. சிரித்த முகமாக நின்றார்.

அவர் பார்க்கவில்லை. காலண்டரையே பார்த்துக்கொண்டு, என் காலடிச் சத்தம் கேட்டு, "ஏளா, அக்கா இந்தப் பக்கம் வந்தே ரொம்ப நாளாச்சு. நீ பேசுன பேச்சுல இனிமே வரவே மாட்டா" என்றார்.

மதினி முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. தம்பியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஓரம் தெரியாது என்று போனில் அவர் சொல்லியிருக்கமாட்டார். நல்லாத் தெரியுது அக்கா என்றுதான் சொல்லியிருப்பார். மதினி கையைக் கொஞ்சம் தூக்கி அவர் முகத்துக்கு ஓரமாக ஆட்டிப் பார்த்தார். அவர் அசையவில்லை. கையை இறக்கி முந்தானையில் சுருட்டிக்கொண்டார்.

எவ்வளவோ சொல்ல வேண்டும் என்று சேர்த்து வைத்திருந்தேன். ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. என் கோபம் போய்விட்டதா என்றால் இல்லை. இதை எழுதும்போதும் இருக்கிறது. ஆனால் மதினி அங்கே நிற்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"மதினி, அங்கன நின்னா அவருக்குத் தெரியாது" என்றேன். "இங்கன, காலண்டருக்கு முன்னால வந்து நில்லுங்க."

மதினி நடந்து காலண்டரை மறைத்துக்கொண்டு நின்றார்.

"யக்கா!" என்றார் அவர். "எப்ப வந்த?"

நான்தான் சொன்னேன், இப்பதான் வந்தாவ என்று. சொல்லிவிட்டு மதினியின் முகத்தைப் பார்த்தபோது, வெளிச்சத்தில் அவர் இமை முடியின் அடியில் வெள்ளை வெள்ளையாகச் செதில் ஒட்டியிருந்தது. ஒரு வாரம் எங்கள் தலையணையில் படுத்தவர்தானே, இங்கே இருந்து எடுத்துக்கொண்டு போனாரோ, இல்லை அவர்தான் முன்னாலேயே கொண்டுவந்து கொடுத்தாரோ. அதையும் யாரும் சொல்ல முடியாது.

அடுப்பில் தண்ணீரைச் சுடவைத்தேன்.